போரில் ஓடும் கப்பலுக்கு எண்ணெய் எப்படி?

பாலக்கோட்டுக்காரன்: 1971 இந்தியா-பாகிஸ்தான் போரில் நம் கடற்படையின் விக்ராந்த் கப்பலில் இருந்ததாக எங்கள் தெரு மாமா ஒருவர் சொல்கிறார். கடலையே பார்க்காத தர்மபுரி ஆள் நான். நடுக்கடலில் இருக்கும் விமானந்தாங்கிக் கப்பல் எண்ணெய்க்குக் கரைக்கு வரவேண்டாமா?

ஓசூர் வாசி: வேண்டாம் தம்பி. எண்ணெய்க் கப்பல் பக்கத்திலேயே, அதே வேகத்தில் ஓடிவரும். முதலில் துப்பாக்கியால் ஒரு மெல்லிய கயிற்றைச் சுடுவார்கள், அதை இழுத்தால் தடித்த வடம், அப்புறம் ரப்பர் குழாய். தொப்பூர் கணவாயில் இரண்டு லாரி நிற்காமலே டீசல் மாற்றிக்கொண்டால் எப்படி இருக்கும், அப்படித்தான். குழாய் மாட்டியிருக்கும்வரை சட்டென்று திரும்ப முடியாது, நீர்மூழ்கிக்கு அல்வா.

காவேரிப்பட்டணம்: விக்ராந்துக்குத் தலைவலியே வேறு. கொதிகலன் ஒன்றில் விரிசல், அதனால் வேகம் குறைவு. விமானம் எழும்ப எதிர்க்காற்று வேண்டும், கப்பலின் வேகமும் அதில் சேரும், காற்று இல்லாத நாளில் ஆலிசே என்ற நீர்மூழ்கி வேட்டை விமானங்களை ஏவுவது பெரும்பாடு. ஆனாலும் டிசம்பர் 4 அன்று அதன் சீ ஹாக் போர் விமானங்கள் கிழக்குப் பாகிஸ்தானின் (இன்றைய வங்கதேசம்) காக்ஸ் பஜாரைத் தாக்கின.

ஓசூர் வாசி: எண்ணெயும் குண்டும் ஒரே கூரையின் கீழ் என்பதுதான் பயம். 1942-இல் பசிபிக் கடலில் நடந்த மிட்வே போரில் ஜப்பானின் விமானந்தாங்கிக் கப்பல்கள் அகாகி, காகா எரிந்தது அப்படித்தான்.

பாலக்கோட்டுக்காரன்: சரி, மாமாவிடம் கொதிகலன் கதையைக் கேட்கிறேன்.