வழியில் டயர் பஞ்சர்: ஜாக்கி ஏற்றும் முன்னும் பின்னும்

முன்டயர் இறங்கினால் ஸ்டியரிங் ஒரு பக்கமாக இழுக்கும். பின்டயர் என்றால் வண்டியின் பின்பக்கம் ஆடும். அந்த நேரத்தில் பிரேக்கை அழுத்தி மிதிக்கக் கூடாது. ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள். வேகம் தானாகக் குறைந்ததும் ஓரம் கட்டுங்கள்.

"அடுத்த கடை வரை உருட்டிவிடலாம்" என்று போவதில்தான் பல டயர்கள் வீணாகின்றன. காற்றில்லாமல் சில நூறு மீட்டர் ஓடினாலே ரிம்முக்கும் தரைக்கும் நடுவில் சைடுவால் (டயரின் பக்கச் சுவர்) நசுங்கி உள்ளே அரைபடும். கழற்றினால் உள்ளிருந்து கறுப்புத் தூளாக ரப்பர் கொட்டும். அதற்கு ஒட்டுப் போட்டுப் பயனில்லை. ஆனால் நிற்கும் இடம் வளைவாகவோ பாலமாகவோ இருந்தால் டயரைப் பற்றி யோசிக்கவே வேண்டாம், நடை வேகத்தில் தாண்டிப் போய் நில்லுங்கள். டயரை வாங்கிக்கொள்ளலாம்.

நான்கு இண்டிகேட்டரும் எரியட்டும். எச்சரிக்கை முக்கோணத்தைக் குறைந்தது 50 மீட்டர் பின்னால் வையுங்கள். பின்னால் வளைவு இருந்தால் அந்த வளைவுக்கும் முன்பே. வண்டியில் வந்தவர்கள் எல்லாரும் இறங்கிச் சாலையை விட்டுத் தள்ளி நிற்க வேண்டும்.

*

வண்டியை நிறுத்தியாயிற்று, இனி சக்கரத்தைக் கழற்ற வேண்டும். கியரில்தானே இருக்கிறது என்ற தைரியத்தில் ஜாக்கி ஏற்றாதீர்கள். முன்சக்கரம் இழுக்கும் வண்டியில் ஒரு முன்சக்கரத்தைத் தூக்கியதும் கியரின் பிடி போய்விடும். அந்தரத்தில் இருக்கும் சக்கரம் டிஃபரென்ஷியல் (இரு பக்கச் சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் பல்சக்கர அமைப்பு) வழியாக எதிர்ப்பக்கம் சுற்றிக்கொடுக்கும், தரையில் இருப்பது உருளும். ஆட்டோமேட்டிக்கில் பார்க்கிங்கில் போட்டாலும் இதேதான். மிச்சம் இருப்பது பின்சக்கரங்களைப் பிடிக்கும் ஹேண்ட் பிரேக் மட்டும். பின்சக்கரத்தைத் தூக்கினால் அதிலும் பாதிதான் வேலை செய்யும். அதனால் கழற்றும் சக்கரத்துக்கு எதிர்மூலையில் இருக்கும் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் வைத்தே ஆக வேண்டும்.

டயர் தரையில் இருக்கும்போதே நட்டுகளை அரைச் சுற்று தளர்த்திவிடுங்கள். தூக்கிய பிறகு முயன்றால் சக்கரமும் சேர்ந்து சுற்றும், வண்டி ஜாக்கியிலிருந்து நழுவும். காற்றுத் துப்பாக்கியால் முடுக்கிய நட்டு கைக்கு அசையாது. ஸ்பேனரைப் படுக்கை வாட்டத்தில், கைப்பிடி உங்களுக்கு இடப்பக்கம் வரும்படி மாட்டி, கீழ்நோக்கி மிதியுங்கள். நட்டின் முனை மழுங்காமலிருக்க ஸ்பேனர் முழு ஆழத்துக்கு உட்கார்ந்திருக்க வேண்டும். ஒரு நட்டு மட்டும் வேறு வடிவத்தில் இருந்தால் அது பூட்டு நட்டு; அதற்கான சாவி பெரும்பாலும் டூல் பையிலோ டேஷ்போர்டு அறையிலோ கிடக்கும். பயணம் கிளம்பும் முன்பே அதைத் தேடி வையுங்கள்.

ஜாக்கியைக் கதவுக்குக் கீழே உள்ள தகட்டு விளிம்பில், வெட்டுக்குறி இருக்கும் இடத்தில் மட்டும் வைக்க வேண்டும். சற்றுத் தள்ளினாலும் தகடு மடங்கும். மண் தரை என்றால் அடியில் தடித்த பலகை. ஸ்டெப்னியை எடுத்து வண்டிக்கு அடியில் படுக்க வையுங்கள். ஜாக்கி சரிந்தால் வண்டி அதன் மேல் உட்காரும். சக்கரம் வந்ததும் இரண்டையும் இடம் மாற்றிக்கொள்ளலாம்.

நட்டெல்லாம் கழன்றும் சக்கரம் ஹப்பில் (சக்கரத்தை மாட்டும் நடுப்பகுதி) துருப்பிடித்து ஒட்டியிருந்தால், உட்கார்ந்து டயரின் பக்கவாட்டில் குதிகாலால் மாறி மாறி உதையுங்கள். வண்டிக்கு அடியில் படுத்து இழுக்கக் கூடாது.

மாட்டும்போது நட்டின் கூம்புப் பக்கம் உள்நோக்கி. முதலில் எல்லாவற்றையும் விரலால் திருகுங்கள், பிறகு எதிரெதிராக முடுக்குங்கள். கடைசி முடுக்கு வண்டியை இறக்கிய பின். பெரும்பாலான கார்களுக்கு 100 முதல் 120 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசை போதும். ஸ்பேனர் மேல் ஏறிக் குதித்தால் போல்ட்தான் நீளும். 50 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி ஒரு தடவை முடுக்கிப் பாருங்கள். இதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள்.

*

ட்யூப்லெஸ் டயரில் ஆணி தெரிந்ததும் பிடுங்கிவிடாதீர்கள். ஓட்டையை அடைத்துக்கொண்டிருப்பதே அதுதான். 35 பிஎஸ்ஐ காற்றடித்துப் பத்து நிமிடம் கழித்து அளந்தால் எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்று தெரியும். மெதுவாக இறங்கினால், நடுநடுவே காற்றடித்துக் கடை வரை போகலாம். ஆணியே இல்லையென்றால் சோப்புத் தண்ணீரை வால்விலும் ஊற்றிப் பாருங்கள், சில சமயம் குமிழி அங்கேதான் வரும்.

கையில் பஞ்சர் ஒட்டும் கிட் இருந்தால்: ஆணியைக் குறடால் இழுக்கும்போது அது எந்தச் சாய்வில் வருகிறது என்று கவனியுங்கள், ஊசியும் அதே சாய்வில் போக வேண்டும். ராவு ஊசியை (அரம் போன்ற ஊசி) நாலைந்து தடவை உள்ளே வெளியே விட்டு ஓட்டையைச் சொரசொரப்பாக்குங்கள். திரியை (ஓட்டையை அடைக்கும் ரப்பர் கயிறு) மற்ற ஊசியின் காதில் பாதி நீளம் வரும்படி கோத்து, சொல்யூஷன் தடவி, இரு நுனியும் ஒரு சென்டிமீட்டர் வெளியே நிற்கும் அளவுக்கு உள்ளே தள்ளுங்கள். பிறகு ஊசியைத் திருகாமல் ஒரே இழுப்பில் எடுங்கள். திருகினால் திரியும் கூடவே வந்துவிடும்.

ஓட்டை 6 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தாலோ, டயரின் தோள்பட்டையிலோ (தரை படும் பகுதி பக்கவாட்டுக்கு வளையும் ஓரம்) சைடுவாலிலோ இருந்தாலோ திரி வேண்டாம். அந்த இடம் ஒவ்வொரு சுற்றுக்கும் மடங்கி விரிகிறது, திரி நிற்காது.

*

ஸ்டெப்னி ஒல்லியான ரகமா? பக்கத்தில் அச்சடித்திருக்கும், பெரும்பாலும் 60 பிஎஸ்ஐ, வேகம் 80 கிலோமீட்டருக்குள். மற்ற டயர் மாதிரி 33 அடித்து மாட்டினால் நெளிந்து சூடாகும். டயர் ஓரத்தில் நான்கு இலக்க எண்ணையும் பாருங்கள்: 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. பத்து வருடம் தாண்டியதை, பூ (தரை படும் பகுதியின் வரிகள்) தேயாமல் புதிதுபோல் இருந்தாலும், மாற்றிவிடுங்கள்.