காசு குறைந்தால் கற்பனை கூடுமா? ஒரு பாட்டு வீடியோ சண்டை

கீற்றுக்கொட்டகை:
தனியிசைப் பாட்டு ஒன்றுக்கு வீடியோ எடுக்கலாம் என்று நான்கு பேர் உட்கார்ந்தால், முதல் கேள்வியே "பட்ஜெட் எவ்வளவு?" என்றுதான் வருகிறது. கதை என்ன என்று ஒருவரும் கேட்பதில்லை. ஓகே கோ என்ற அமெரிக்க ராக் இசைக்குழு 2006-இல் எடுத்த டிரெட்மில் வீடியோவைப் பாருங்கள். எட்டு டிரெட்மில், நான்கு பேர், அசையாத ஒரு கேமரா, வெட்டே இல்லாத ஒரே ஷாட். இயக்கியவர் பாடகரின் சகோதரி டிரிஷ் சீ. அதற்குக் கிராமி விருதே கிடைத்தது. பிரான்ஸ் நாட்டு வீடியோ இயக்குநர் மிஷேல் கோந்த்ரியும் இதே ரகம், கம்ப்யூட்டரைத் தொடாமல் கையாலேயே வித்தை காட்டியவர். என்னைக் கேட்டால், கிராபிக்ஸுக்குக் கொட்டும் காசு யோசிக்காததற்குக் கட்டும் அபராதம்.

டைம்லைன்:
வசனம் நன்றாக இருக்கிறது, தகவல்தான் தப்பு. கெமிக்கல் பிரதர்ஸ் என்ற இசை ஜோடியின் பாட்டுக்குக் கோந்த்ரி செய்த 'ஸ்டார் கிட்டார்' வீடியோ பார்த்திருப்பீர்கள். ரயில் ஜன்னலுக்கு வெளியே கம்பம், பாலம், வீடு எல்லாம் ஓடிக்கொண்டே இருக்கும். இரண்டு நிமிடம் கழித்துத்தான் உறைக்கும், ஒவ்வொரு பீட்டுக்கும் ஒரு பொருள் கடந்து போகிறது என்று. நீம் நகரத்துக்கும் வாலான்ஸுக்கும் இடையில் ஓடும் ரயிலில் சாதாரண வீடியோ கேமராவில் பிடித்த காட்சிதான் அடிப்படை. ஆனால் அந்தக் கட்டடங்களைப் பெயர்த்து, நகலெடுத்து, தாளத்தில் ஒட்டியதெல்லாம் கம்ப்யூட்டர்.

கையால் செய்ததையே எடுத்துக்கொள்வோம். ஒயிட் ஸ்ட்ரைப்ஸ் குழுவுக்கு 2003-இல் அவர் செய்த வீடியோவில், அடிக்கு ஓர் டிரம் செட் தெருவில் முளைத்துக்கொண்டே போகும். ஸ்டாப் மோஷன்தான், ஒத்துக்கொள்கிறேன். அதற்கு வாங்கியது 32 டிரம் செட்! கைவேலை என்றால் மலிவு என்று யார் சொன்னது?

கீற்றுக்கொட்டகை:
சரி, 'தொடாமல்' என்றது தப்பு, வாபஸ். ஆனால் அதே ரயில் வீடியோவுக்கு முன்னால் அவர் என்ன செய்தார் தெரியுமா? ஆரஞ்சுப் பழம், முள்கரண்டி, கேசட், கண்ணாடித் தம்ளர் என்று கிடைத்ததை எல்லாம் தரையில் வரிசையாக அடுக்கி, எந்த ஒலிக்கு எந்தப் பொருள் என்று கணக்குப் போட்டுப் பார்த்தார். வீடியோ அங்கேயே முடிந்துவிட்டது. ஆரஞ்சுக்கு என்ன பெரிய செலவு?

டைம்லைன்:
இதற்குத்தான் நான் பயப்படுகிறேன். நாளைக்கே ஒரு தயாரிப்பாளர் "ஆரஞ்சு போதுமே தம்பி" என்பார்.

நான் எடிட்டர். சில வருடங்களுக்கு முன் ஒரு சின்ன கம்பெனிக்கு ஒரு பாட்டு செய்தேன். 'ஒரே ஷாட்' என்றுதான் விளம்பரம். உள்ளே நான்கு டேக்குகளைக் கதவு நிழலிலும் ஒருவர் முதுகிலும் ஒட்டியிருக்கிறேன், மூலையில் தெரிந்த லைட் ஸ்டாண்டை ஃபிரேம் ஃபிரேமாக அழித்திருக்கிறேன். சம்பளம் கேட்டபோது, "ஒரே ஷாட்தானே, உனக்கு இதில் என்ன வேலை?" என்று பாதியைத்தான் கொடுத்தார்கள். லைட்மேனுக்குப் பேட்டாவே பாக்கி. உங்கள் 'குறைந்த செலவில் கற்பனை' என்பது பல சமயம் எங்கள் பையிலிருந்து போகிற செலவு.

மூன்றாம் மணி:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். அதே ஓகே கோ 2010-இல் எடுத்த இயந்திர வீடியோவில், ஒரு குட்டி டோமினோ கட்டையைத் தட்டிவிட்டால் ஒன்று இன்னொன்றைத் தள்ளிக் கிடங்கு முழுக்க ஓடும். அறுபதுக்கு மேல் டேக். செலவில் ஒரு காப்பீட்டு நிறுவனம் கைகொடுத்தது. 2016-இல் ரஷ்யாவில், எடையற்ற நிலையில் விமானத்துக்குள்ளேயே ஆடினார்கள். விமானம் மேலேறி வில்லாக வளைந்து இறங்கும் ஒரு பாய்ச்சலுக்குக் கிடைப்பது அரை நிமிடத்துக்கும் குறைவான மிதப்பு. எட்டுப் பாய்ச்சல் எடுத்து, நடுவில் விமானம் மறுபடி மேலேறும் நேரத்தைக் கத்தரித்துவிட்டார்கள். கீற்று கொண்டாடும் 'வெட்டே இல்லாத' குழுதான்! ஆனால் எங்கே வெட்டுவது என்று பறப்பதற்கு முன்பே முடிவாகிவிட்டது, அதைத்தான் நான் ரசிக்கிறேன்.

சினிமாப் படத்துக்குப் போனால், அமெரிக்க இயக்குநர் ராபர்ட் ரோட்ரிகஸ் தன் முதல் படமான 'எல் மரியாச்சி'யை ஏறக்குறைய 7,000 டாலரில் எடுத்தார். கையில் என்ன இருக்கிறது என்று முதலில் பார்த்தார்: ஒரு கிடார் பெட்டி, ஓர் ஆமை, ஒரு நாய், ஒரு பஸ், மெக்சிகோ எல்லையில் ஒரு சின்ன ஊர். கதையை அதற்குப் பிறகுதான் எழுதினார்.

டைம்லைன்:
அந்த ஏழாயிரத்தில் ஒரு பகுதி, மருந்துச் சோதனைக்குத் தன் உடம்பைக் கொடுத்து அவர் சம்பாதித்தது. தியேட்டருக்கு வரும் முன் கொலம்பியா என்ற ஹாலிவுட் பட நிறுவனம் ஒலிக்கும் பிரிண்டுக்கும் லட்சக்கணக்கான டாலர் போட்டது. போஸ்டரில் அந்தக் கணக்கு வராது. மற்றபடி அந்த ஆமை விஷயத்தில் எனக்குச் சண்டை இல்லை.

கீற்றுக்கொட்டகை:
அப்படியானால் என் கணக்கைச் சொல்கிறேன். சித்தப்பாவின் செங்கல் சூளை, ஒரு குட்டி யானை வண்டி, ஆட்டம் தெரிந்த மூன்று பையன்கள், இரண்டு நாள். எடிட்டிங்குக்கு என்ன கேட்பீர்கள் அண்ணே? பாதிச் சம்பளம் இல்லை, முழுசாகவே சொல்லுங்கள்.

டைம்லைன்:
பேரம் அப்புறம். லைட்மேன் பேட்டா முதல் நாள் காலையிலேயே அவர் கைக்குப் போக வேண்டும். பாட்டின் டெம்போ எவ்வளவு? சூளையில் சுடாத பச்சைக் கல் எத்தனை கிடக்கும்?

கீற்றுக்கொட்டகை:
நிமிடத்துக்கு 96 பீட். கல்லை எண்ணிவிட்டு ராத்திரி சொல்கிறேன்.