குதிக்கால் நோவும் கதிர்காம நேர்த்தியும்

கல்லடி வீட்டார் (வாட்ஸ்அப் குழு)

சரோ மாமி: பிள்ளைகள், கொஞ்ச நாளாக விடிய எழும்பி நிலத்தில் கால் வைக்க ஏலாது. குதிக்காலில் ஆணி ஏறின மாதிரி இருக்கு. நாலு எட்டு நடந்தால் குறைகிறது. பள்ளிக்கூடத்தால் வந்து கதிரையில் இருந்து எழும்பினால் திரும்பவும் அதே கதை.

பெரியம்மா: வாதம்தான் கா. எண்ணெய் பூசி மணல் ஒத்தடம் கொடு.

ரவி அண்ணா: எங்கள் கந்தோரில் ஒருவருக்கும் இதுதான். எக்ஸ்ரேயில் எலும்பு முள் தெரிந்ததாம். ஊசி ஒன்று போட்டார், இப்போது ஓடித் திரிகிறார். நீங்களும் போடுங்கள் மாமி.

தர்ஷி: அண்ணா, ஊசிக்கு அவசரம் வேண்டாம். மாமி, நோவு குதியின் அடியில் உள்பக்கமாகவா? வீக்கம், உணர்வில்லாத விறைப்பு, காய்ச்சல் ஏதும்?

சரோ மாமி: ஓம் மகள், உள்பக்கம். அமத்தினால் உயிர் போகிறது. மற்றது ஒன்றும் இல்லை.

தர்ஷி: அப்படியென்றால் பெரும்பாலும் பிளான்டர் ஃபஸியைடிஸ்தான். குதி எலும்பிலிருந்து விரல்களின் அடிவரை தடித்த நார்ப்பட்டை ஒன்று ஓடுகிறது, பாதத்தின் வளைவைத் தாங்குவது அது. நாள் முழுக்க நின்று படிப்பித்தால், உடம்பு பாரம் கூடினால், கெண்டைக்கால் இறுகினால், குதியில் ஒட்டும் இடத்தில் நைந்துபோகும். இரவில் சுருங்கிக் கிடக்கிற பட்டை விடிய முதல் எட்டில் சடாரென்று இழுபடுகிறது. 40க்கும் 60க்கும் இடைப்பட்ட வயதில்தான் கூட வரும்.

சின்ன மாமா: சரோ 40 தாண்டினதை இன்றைக்குத்தான் குழுவில் அறிவித்திருக்கிறாள் 😄

ரவி அண்ணா: அப்ப அந்த முள்?

தர்ஷி: நோவே இல்லாத எத்தனையோ பேரின் எக்ஸ்ரேயிலும் முள் இருக்கும். ஊசி ஸ்டீரொய்ட் அண்ணா. சில கிழமைக்குச் சுகம் தரும். திரும்பத் திரும்பப் போட்டால் குதியின் கொழுப்பு மெலியும், பட்டை அறுந்தும் போகலாம்.

சரோ மாமி: எனக்கு ஊசியென்றாலே பயம். வேறு என்ன செய்ய?

தர்ஷி: கட்டிலை விட்டு இறங்க முதல், நோகிற காலை மற்றத் தொடைக்கு மேல் போடுங்கள். கால் விரல்களைக் கையால் முழங்கால் பக்கமாக மடக்கி இழுத்து 10 எண்ணும்வரை பிடியுங்கள். மற்றக் கையால் தடவினால் உள்ளங்காலில் பட்டை இறுகி நிற்பது தெரியவேண்டும், தெரியாவிட்டால் இழுவை காணாது. 10 தரம், ஒரு நாளைக்கு 3 முறை. 2003இல் வந்த அமெரிக்க ஆய்வொன்றில், கெண்டைக்காலை மட்டும் நீட்டினவர்களைவிட இப்படிச் செய்தவர்களுக்கே நோவு கூடக் குறைந்தது. நோவு தணிந்த பிறகு படியில் விரலுக்குக் கீழே துவாயைச் சுருட்டி வைத்து, குதியை மெதுவாக உயர்த்தி இறக்கப் பழகலாம்.

சரோ மாமி: ஐஸ் வைக்கலாமா?

தர்ஷி: தண்ணீர்ப் போத்தலை ஐஸாக்கி, துணி சுற்றி, 10 - 15 நிமிடம் உள்ளங்காலால் உருட்டுங்கள். பெரியம்மா, உங்களுக்குச் சீனி வருத்தம், காலில் உணர்வும் குறைவு. நீங்கள் ஐஸும் தொடவேண்டாம், மணலும் தொடவேண்டாம். சுட்டாலும் தெரியாது.

தர்ஷி: இன்னொன்று, டைல்ஸ் நிலத்தில் வெறுங்காலோடு திரிகிறதை விடுங்கள் மாமி. வீட்டுக்குள் போட மெத்தையான செருப்பு ஒன்று வாங்குங்கள். தேய்ந்த ரப்பர் செருப்பைக் குப்பையில் போடுங்கள்.

பெரியம்மா: சாமி அறைக்குள்ளும் செருப்பா?

தர்ஷி: இல்லை பெரியம்மா, அங்கே கதிரையில் இருந்து கும்பிடட்டும்.

சரோ மாமி: மகள், கதிர்காமத்துக்கு நடக்கிறதாக நேர்த்தி வைத்திருக்கிறேன். உகந்தையால் காட்டுக்குள் இறங்கி, வெறுங்காலோடு.

தர்ஷி: ஐயோ மாமி! முக்கால்வாசிப் பேருக்கும் மேலே அறுவைச் சிகிச்சை இல்லாமலே மாறும், ஆனால் மாதக்கணக்கு எடுக்கும், சிலருக்கு ஒரு வருஷமும் ஆகும். குமண, யால காட்டு மணலில் நாள்கணக்காக நடந்தால் ஆறின பட்டையும் திரும்பக் கிழியும். இந்த முறை பஸ்ஸில் போங்கள். ஆறு கிழமை செய்தும் குறையாவிட்டால், அல்லது விறைப்பு வந்தால், கிளினிக்கில் காட்டவேண்டும்.

சின்ன மாமா: சரோவின் நேர்த்தியை நான் நடந்து தீர்க்கிறேன்.

பெரியம்மா: நீ இங்கே இருக்கிற மாமாங்கக் கோயிலுக்கே ஓட்டோவில் போகிறவன்.

சரோ மாமி: தர்ஷி, அந்த விரல் மடக்கிறதை ஒரு வீடியோ எடுத்துப் போடு மகள்.