மறு: படத்தொகுப்பில் 'டிரான்சிஷன்': தமிழில் என்ன சொல்லலாம்?

தமிழாக்கம் செய்பவர்:

குழுவினருக்கு வணக்கம்.

வீட்டில் எடுத்த வீடியோக்களைத் தொகுக்க உதவும் ஒரு கட்டற்ற மென்பொருளைத் தமிழாக்கி வருகிறேன். வெள்ளிக்கிழமைக்குப் பிறகு எந்தச் சொல்லையும் மாற்ற முடியாது. ஒரே ஒரு சொல்லில்தான் நிற்கிறேன்: டிரான்சிஷன். ஒரு துணுக்கு முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில் வைக்கிறோமே, அதுதான். "டிரான்சிஷனைச் சேர்", "டிரான்சிஷனின் நீளம்", "எல்லா டிரான்சிஷன்களையும் நீக்கு" என்று பல இடங்களில் வருகிறது. ஆகவே வேற்றுமை உருபையும் 'கள்' விகுதியையும் ஏற்கிற, சின்னப் பொத்தானுக்குள் அடங்குகிற பெயர்ச்சொல் வேண்டும். இப்போதைக்கு 'நிலைமாற்றம்' என்று போட்டிருக்கிறேன், மனம் ஒப்பவில்லை. கரைவு (ஒரு படம் கரைய அதன்மேல் அடுத்தது தெளிவது), மங்கல் (படம் கறுப்புக்குள் மறைவது), துடைப்பு (ஒன்றைத் தள்ளி மற்றது வருவது) என்ற வகைப்பெயர்களில் சிக்கல் இல்லை. தலைப்புச் சொல்தான் வேண்டும்.

படத்தொகுப்பு கற்பிப்பவர்:

நிலைமாற்றம் என்றால் பனிக்கட்டி நீராவதுதான் நினைவுக்கு வரும். 'காட்சிமாற்றம்' என்று சொல்லத் தோன்றும், அதுவும் சரியில்லை. ஒரே அறையில் ஒரே குழந்தை தவழ்வதை இரண்டு கோணங்களில் எடுத்து நடுவில் கரைவு வைத்தால் அங்கே காட்சி மாறவில்லையே.

வகுப்பில் எனக்கு இருக்கும் தொல்லையைச் சொல்கிறேன். கரைவை இழுத்துப் போட்டால் மென்பொருள் மறுக்கிறது, அல்லது கடைசிச் சட்டகம், அதாவது கடைசி ஒற்றைப் படம், உறைந்து நிற்கிறது. மாணவர்கள் விழிக்கிறார்கள். காரணம் எளியது. நொடிக்கு 30 சட்டகம் ஓடும் படத்தில், வெட்டின் நடுவே ஒரு நொடிக் கரைவு வைத்தால், முதல் துணுக்கின் வெட்டுக்குப் பின்னால் 15 சட்டகமும் இரண்டாவதன் வெட்டுக்கு முன்னால் 15 சட்டகமும் மிச்சம் இருக்க வேண்டும். தையல்காரர் மடிப்புக்குள் விட்டு வைக்கும் உபரித் துணி மாதிரி. துணுக்கை ஒட்ட நறுக்கியவர்களிடம் அந்த மிச்சம் இருக்காது.

கணினி வராத காலத்திலும் இதே கதைதான். 1899-லேயே ஜார்ஜ் மெலியே படங்களில் கரைவு உண்டு. லென்சின் துளையை மெல்ல மூடி, படச்சுருளைப் பின்னுக்குச் சுற்றி, மறுபடி மெல்லத் திறந்து அதே சுருளின்மேல் அடுத்த காட்சியை எடுப்பார்கள். ஒன்றன்மேல் ஒன்று விழுவதுதான் இதன் உயிர். பெயரைக் கேட்டதும் அது தெரிய வேண்டும். 'ஒட்டு' எப்படி இருக்கிறது? கன்றுகளை ஒட்டுக் கட்டும்போது இரண்டு பக்கமும் கொஞ்சம் சீவி, சீவிய முகங்களைப் பொருத்துகிறோம் அல்லவா?

இலக்கணம் பயின்றவர்:

ஐயா, நம்மிடம் இதற்கு முழுக் கட்டமைப்பே இருக்கிறது: சொற்கள் சேரும் புணர்ச்சி இலக்கணம். முதல் துணுக்கு நிலைமொழி, அடுத்தது வருமொழி. வெறும் வெட்டு இயல்புப் புணர்ச்சி: பொன் + வளை = பொன்வளை, எதுவும் மாறவில்லை. இரண்டுக்கும் நடுவே கறுப்பு வந்து போனால் அது தோன்றல்: பூ + கொடி = பூங்கொடி. இரண்டும் கலந்து மூன்றாவது ஒன்றாகத் தெரிந்தால் திரிதல்: பல் + பொடி = பற்பொடி. சில மென்பொருள்களில் ஒரு நொடி மேற்படிய வைத்தால் மொத்தப் படமும் ஒரு நொடி குறைந்து, பின்னால் கோத்த இசையெல்லாம் நழுவிப்போகும். அது கெடுதல்: மரம் + வேர் = மரவேர். ஒரு துணுக்கு வட்ட நிலாவில் முடிந்து அடுத்தது வட்டத் தட்டில் தொடங்கினால் அது அந்தாதி. 'அந்தாதி வெட்டு' என்றே சொல்லலாம். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரிந்த கருவிகள் இவை. ஏன் வெளியே தேட வேண்டும்?

தமிழாக்கம் செய்பவர்:

அந்தாதி வெட்டை இப்போதே எடுத்துக்கொண்டேன், நன்றி. ஆனால் 'புணர்ச்சியைச் சேர்' என்று பொத்தானில் போட முடியாது ஐயா. பேச்சு வழக்கில் அந்தச் சொல் வேறு பக்கம் போய்விட்டது. 'சந்தி' என்றால்?

தனித்தமிழ் விரும்புபவர்:

சந்தி வடசொல். 'வீடியோ'வுக்கு 'விழியம்' என்று ஒரு சொல் இருந்தும் இந்தக் குழுவில் யாரும் எழுதுவதில்லை என்ற வருத்தம் ஏற்கெனவே எனக்கு உண்டு. இணைப்பு, சேர்க்கை, பிணைப்பு என்று இத்தனை வேர்கள் இருக்க, சந்தி எதற்கு?

தமிழாக்கம் செய்பவர்:

'இணைப்பு' மின்னஞ்சலில் கோப்பை அனுப்பவும் வலைச் சுட்டிக்கும் போய்விட்டது. 'இடைமாற்றம்' என்று ஒருவர் தனிமடலில் சொன்னார். ஓர் ஐகாரம் விட்டுப்போனால் இடமாற்றம் ஆகிவிடும். தட்டச்சில் இது நடக்காமல் இருக்காது.

புதிதாகச் சேர்ந்தவர்:

படம் தொகுக்கும் எல்லோரும் டிரான்சிஷன் என்றுதான் சொல்கிறோம். அப்படியே தமிழ் எழுத்தில் போட்டால் யாருக்கும் புரியும். நான் இந்த மென்பொருளைத் தமிழில் திறந்து பார்த்ததே அம்மாவுக்குச் சொல்லிக்கொடுக்கத்தான். அவருக்குப் புணர்ச்சி விதி வேண்டாம், பொத்தான் எங்கே என்று தெரிந்தால் போதும்.

தனித்தமிழ் விரும்புபவர்:

உங்கள் அம்மாவுக்கு ஆங்கிலச் சொல் மட்டும் எப்படிப் பழகியிருக்கும்? இரண்டும் அவருக்குப் புதிது என்றால் தமிழ்ச் சொல்லையே பழக்கலாம். பத்து பேர் பத்து முறை சொன்னால் எந்தச் சொல்லும் எளிதாகிவிடும்.

இலக்கணம் பயின்றவர்:

இன்னொன்று சொல்லாமல் விட மனமில்லை. 'மயக்கம்'. மயங்குதல் என்றால் கலத்தல். திணை மயக்கம் என்கிறோம், மாலை மயங்குகிறது என்கிறோம். பகலும் இரவும் ஒன்றன்மேல் ஒன்று கிடக்கும் நேரம் அது. நண்பர் கேட்ட மேற்படிதல் இதற்குள்ளேயே இருக்கிறது. மெய்யெழுத்துகள் அடுத்தடுத்து வரும் மெய்ம்மயக்கத்தில் உடனிலை (அதே எழுத்து), வேற்றுநிலை (வேறு எழுத்து) என இரண்டு உண்டு. ஒரே இடத்தில் எடுத்த துணுக்குகள் கலந்தால் உடனிலை மயக்கம், வேறு வேறு இடத்தவை கலந்தால் வேற்றுநிலை மயக்கம்.

படத்தொகுப்பு கற்பிப்பவர்:

அழகான சொல், மறுக்கவில்லை. ஆனால் துடைப்பில் இரண்டும் கலப்பதே இல்லை. ஒரு கோடு நகர்கிறது, ஒன்றைத் தள்ளி மற்றது வருகிறது. மயக்கம் கரைவுக்கு மட்டும்தான் பொருந்தும். அப்புறம், 'மயக்கத்தின் நீளம் 1 நொடி' என்று திரையில் பார்த்தால் யாரோ கீழே விழுந்துவிட்டார் என்றுதான் படிப்பார்கள்.

ஒலிப்பதிவில் இருப்பவர்:

எல்லோரும் படத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். வீட்டு வீடியோவில் இணைப்பு உறுத்துவது பாதி நேரம் ஒலியால்தான். மின்விசிறிச் சத்தம் ஒரு துணுக்கில் இருந்து அடுத்ததில் சட்டென்று அறுந்தால், மேலே எவ்வளவு நல்ல கரைவு இருந்தாலும் காது பிடித்துவிடும். அங்கே ஒன்றை இறக்கி மற்றதை ஏற்ற வேண்டும். நேர்கோட்டில் ஏற்றி இறக்கினால் நடுவில் இரண்டும் பாதி வீச்சுக்கு வரும். தொடர்பில்லாத இரண்டு ஒலிகள் என்றால் அந்த இடத்தில் சுமார் 3 டெசிபல் பள்ளம் விழும். மொத்தத் திறன் மாறாமல் ஏற்றி இறக்கும் சமதிறன் வளைவில் நடுவே ஒவ்வொன்றும் சுமார் 0.71 பங்கு வீச்சில் நிற்கும், பள்ளம் தெரியாது. இதற்கு 'இழைவு' என்று சொல்லிப் பாருங்கள். குரலும் வீணையும் இழைந்தன என்கிறோமே.

இன்னொரு வகை: முதல் துணுக்கின் ஒலி, படம் மாறிய பிறகும் கீழே நீண்டு ஓடும். மேல்தடத்தில் படம், கீழ்த்தடத்தில் ஒலி என்று வைத்துப் பார்த்தால் அந்தத் துணுக்கின் வடிவம் அச்சு அசல் நம் 'ட'. ஆங்கிலத்தில் அவர்கள் L என்ற எழுத்தால் 'எல் கட்' என்று பெயர் வைத்த மாதிரி நாமும் 'ட வெட்டு' என்று வைக்கலாம்.

இலக்கணம் பயின்றவர்:

'ட வெட்டு' மிக நன்று. ஆனால் அடுத்த துணுக்கின் ஒலி முந்தி வருவதற்கு 'ட'வைத் திருப்பிப் போட வேண்டும், அப்படி ஓர் எழுத்து நமக்கு இல்லை. இணைச்சொற்களாக இருக்கட்டும்: முன்னொலி வெட்டு, பின்னொலி வெட்டு.

தமிழாக்கம் செய்பவர்:

நாளை வெள்ளி. தலைப்புச் சொல்லுக்கு ஒட்டு, இழைவு, நிலைமாற்றம் மூன்றையும் எல்லாத் தொடர்களிலும் வைத்துப் பார்த்தேன். இழைவு கேட்க இனிமை, ஆனால் துடைப்பையும் சுழற்சியையும் அதன் கீழ் போட முடியவில்லை. 'எல்லா ஒட்டுகளையும் நீக்கு' என்றால் துணுக்குகளே பிரிந்துவிடுமோ என்ற பயம் வருகிறது. பதில் எழுதியவர்களில் பெரும்பாலோர் 'நிலைமாற்றமே இருக்கட்டும்' என்றுவிட்டார்கள், விரும்பி அல்ல என்று தெரிகிறது. அதையே வைக்கிறேன். ஒலிக்கு இழைவு. அந்தாதி வெட்டு, முன்னொலி வெட்டு, பின்னொலி வெட்டு மூன்றும் உதவிப் பக்கத்தில் வரும்.

படத்தொகுப்பு கற்பிப்பவர்:

சரி, பெரும்பான்மைக்குக் கட்டுப்படுகிறேன். என் வகுப்பில் மட்டும் 'ஒட்டு' என்றுதான் சொல்வேன். நிலைமாற்றம் என்ற சொல்லில் இரண்டு துணுக்குகள் இருப்பதே தெரியவில்லை என்ற என் மறுப்பு அப்படியே இருக்கிறது. உதவிப் பக்கத்தின் முதல் வரியிலாவது, வெட்டின் இரண்டு பக்கமும் மிச்சச் சட்டகம் வேண்டும் என்று எழுதிவிடுங்கள். பிழைச்செய்தியையும் பாருங்கள்: 'நிலைமாற்றம் இயலவில்லை' என்று மட்டும் வந்தால் யாருக்கும் பயனில்லை. எந்தத் துணுக்கில் எத்தனை சட்டகம் குறைகிறது என்று அது சொல்ல வேண்டும்.