நுவரெலியாவில் குடியேறிய கதை: புதுப்பிப்பு

மட்டக்களப்பிலிருந்து நுவரெலியாவுக்கு வந்த இரண்டாவது கிழமையே, துணி காயவில்லை, குளிரில் தூக்கமில்லை, திரும்பிப் போய்விடலாமா என்று இங்கே புலம்பியிருந்தேன் அல்லவா? இப்போது ஐந்து மாதம். போகவில்லை!

துணிப் பிரச்சினை மட்டும் தீரவில்லை. 1868 மீற்றர் உயரம், பல நாட்களில் மூன்று மணிக்கே மூடுபனி இறங்கிவிடும், அதனால் காலையில் வெயில் எட்டிப் பார்த்ததும் நான் வாளியோடு ஓடுவேன், இவர் கயிறு கட்டுவார். காயாததை அடுப்படியில் தொங்கவிட்டால் இவருடைய அலுவலகச் சட்டையில் கருவாட்டு வாசம். அதற்கு நான் என்ன செய்ய?

ஞாயிறுதான் எங்கள் நாள். கிரகரி வாவியைச் சுற்றி நடப்போம், படகுக்குக் காசு கொடுக்க மனமில்லை, அவித்த சோளம் ஒன்றை வாங்கிப் பாதியாக முறித்து, விரல் சுடச் சுடத் தின்போம். போன கிழமை பஸ் ஏறி சீத்தா எலிய அம்மன் கோயில், அப்படியே ஹக்கல பூங்கா. 1861இல் மலேரியா மருந்துக்கான சிங்கோனா மரம் வளர்க்கத் தொடங்கிய இடம் என்று நான் சொல்லிக்கொண்டே வர, இவர் கண் முழுக்க வாசலில் விற்ற ஸ்ட்ரோபெரியில்.

அப்புறம், ரயிலில் வந்தால் எங்கே இறங்குவது என்று கேட்டவருக்கு: நானுஓயாவில். நுவரெலியாவுக்குள் ரயில் வராது. அங்கிருந்து பஸ் இருக்கிறது, ஓட்டோ என்றால் விலை பேசாமல் ஏறாதீர்கள், நாங்கள் ஏறினோம்.

அடுத்த மாதம் அம்மா வருகிறார். இன்னொரு கம்பளி வாங்க வேண்டும்.