கேபினெட் மேல்தகட்டில் 120 மி.மீ. ஃபேன் ஓட்டை: டிரில் சிக்கிச் சுழல்கிறது, யாராவது வழி சொல்லுங்கள்

மஞ்சக்குப்பத்தான்:
கடலூர் வெயிலில் என் பழைய கம்ப்யூட்டர் திணறுகிறது. கேபினெட்டில் பின்பக்கம் 80 மி.மீ. ஃபேன் ஒன்றுதான். வீடியோ எடிட் செய்தால் பிராசசர் 93 டிகிரிக்குப் போகிறது. பக்கக் கதவைக் கழற்றி வைத்தால் 79. அதனால் மேலே 120 மி.மீ. ஃபேன் போடலாம் என்று நாலரை அங்குல ஹோல் சா (டிரில்லில் மாட்டி வட்டமாக வெட்டும் பல் வைத்த வளையம்) வாங்கினேன். பல் தகட்டில் பட்டதுமே சிக்கி, டிரில் மிஷின் என் கையையும் சேர்த்துத் திருகிவிட்டது. மணிக்கட்டு வீங்கியதுதான் மிச்சம். தகடு நெளிந்து, நடுத்துளை முட்டை வடிவத்தில் இருக்கிறது. இனி என்ன செய்ய? மதர்போர்டு உள்ளேயே இருக்கிறது, பேப்பர் போட்டு மூடியிருக்கிறேன்.

லாஸ்பேட்டை வாசி:
ஓட்டை போடுவதற்கு முன் ஹீட்சிங்க் (பிராசசர் சூட்டை வாங்கும் உலோகத் தகடுகள்) தூசியைத் தட்டினீர்களா? அதற்கும் பிராசசருக்கும் நடுவே தடவும் பேஸ்ட் மாற்றினீர்களா? பாதிப் பேருக்கு அதிலேயே சரியாகிவிடும்.

மஞ்சக்குப்பத்தான்:
இரண்டும் போன மாதமே செய்தாயிற்று அண்ணா.

பட்டறைக்காரர், முதுநகர்:
தம்பி, முதலில் மதர்போர்டு, பவர் சப்ளை, ஹார்டு டிஸ்க் எல்லாவற்றையும் வெளியே எடுங்கள். பேப்பர் போதாது. இரும்புத்தூள் ஒரு துணுக்கு போர்டிலுள்ள சிப்பின் இரண்டு கால்களுக்கு நடுவே விழுந்தாலும் ஷார்ட்.

கதவைக் கழற்றினால் 14 டிகிரி இறங்குகிறது என்றால் குறை காற்றோட்டத்தில்தான். ஆனால் ஓட்டை மேலேதான் வேண்டுமா, பக்கத்திலா? கதவு இருந்த இடத்தில் ஒரு அட்டையை ஒட்டி, அதில் ஃபேன் அளவுக்கு வெட்டி ஓடவிட்டுப் பாருங்கள். அட்டை தப்பானால் இன்னொரு அட்டை, தகடு தப்பானால் கேபினெட்டே போச்சு.

ஹோல் சா சிக்கியது உங்கள் தப்பு இல்லை. முக்கால் மி.மீ. கூட இல்லாத தகட்டில் பல் கடித்துக்கொள்ளும். தகட்டுக்கு மேலும் கீழும் பிளைவுட் வைத்து கிளாம்ப் போட்டு, வேகத்தைக் குறைத்து, எண்ணெய் விட்டு ஓட்டினால் வெட்டும். உங்கள் நடுத்துளை பெரிதாகிவிட்டதே, மேல் பிளைவுட்டில் புதுத்துளை போட்டால் பைலட் (ஹோல் சாவின் நடுவில் உள்ள பிட்) அதில் நிற்கும். வேகம் குறைக்க முடியாத மிஷின் என்றால் தொடாதீர்கள்.

வீட்டில் செய்ய நான் சொல்வது துளைச் சங்கிலி. மாஸ்கிங் டேப் ஒட்டி, 110 மி.மீ. விட்டத்தில் வட்டம் போடுங்கள். அந்தக் கோட்டின் மேலேயே 5 மி.மீ.க்கு ஒன்றாக 4 மி.மீ. துளைகள், மொத்தம் 69 வரும். ஒவ்வொன்றையும் சென்டர் பஞ்சால் தட்டிவிட்டுத் துளையுங்கள், இல்லாவிட்டால் பிட் வழுக்கும். இடையில் நிற்கும் இரும்பை உளியால் வெட்டி, அரைவட்ட அரத்தால் இழையுங்கள், 114 மி.மீ. ஓட்டை கிடைக்கும். கண்ணாடி போடுங்கள், கையுறையைக் கழற்றிவிடுங்கள், சுழலும் பிட் கையுறையைப் பிடித்து இழுக்கும். அரம் பிடிக்கும்போது போட்டுக்கொள்ளலாம்.

ஸ்க்ரூ துளைகள் 105 மி.மீ. சதுரத்தில் வரும், நாலரை மி.மீ. பிட் போதும். மூலைக்கு மூலை 148.5 மி.மீ. வருகிறதா என்று அளந்த பிறகு துளையுங்கள்.

லாஸ்பேட்டை வாசி:
மேல் ஓட்டைக்கு கிரில் மறக்காதீர்கள். எங்கள் வீட்டில் ஒரு பல்லி உள்ளே இறங்கி, ஃபேன் நின்று, நாற்றம் மூன்று நாள் போகவில்லை.

மஞ்சக்குப்பத்தான்:
அட்டையில் பார்த்தேன், மேலேயும் பக்கத்திலும் ஏறக்குறைய ஒரே அளவுதான், மேலேயே வைத்துவிட்டேன். இரண்டு ஞாயிறு ஆனது, அரம் பிடித்துக் கை கொப்புளம். வட்டம் கொஞ்சம் கோணல், கிரில் மூடிவிட்டது. கதவு மூடிய நிலையில் இப்போது 81 டிகிரி. ஒரு சந்தேகம், வெட்டிய விளிம்பு இப்போதே பழுப்பாகிறது. நான் கடற்கரையிலிருந்து ரொம்ப தூரம் இல்லை.

பட்டறைக்காரர், முதுநகர்:
உப்புக்காற்று, விடாது. ஃபேனைக் கழற்றி, எமரி பேப்பரால் துருவைத் தேய்த்து, ரெட் ஆக்சைடு (துருப்பிடிக்காமல் அடிக்கும் பிரைமர்) இரண்டு கோட் அடியுங்கள். காய்ந்ததும் ரப்பர் பீடிங் மாட்டிவிடுங்கள், விளிம்பு கையைக் கிழிக்காது. அப்புறம் ஒரு காந்தத்தைப் பிளாஸ்டிக் கவரில் சுற்றி கேபினெட் உள்ளே தடவுங்கள், எவ்வளவு தூள் ஒட்டி வருகிறது என்று பார்த்துவிட்டுத்தான் மதர்போர்டை மாட்டுங்கள்.

மஞ்சக்குப்பத்தான்:
மாட்டி மூன்று நாள் ஆகிறது அண்ணா... கழற்றுகிறேன்.