ஓவன் சூடு கணக்கில் வரவில்லையா? சென்சாரை மாற்றுவதற்கு முன் அளந்து பாருங்கள்

புதிதாகக் குடிவந்தவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. "வீட்டோடு வந்த ஓவனில் எதை வைத்தாலும் வேகவே மாட்டேன் என்கிறது, இல்லாவிட்டால் கருகிவிடுகிறது. சென்சார் போய்விட்டதா?" சென்சார் என்பது ஓவனுக்குள் இருக்கும் சூட்டை அளந்து சொல்லும் பாகம். நம்மில் பலருக்குச் சுவரோடு பொருத்திய பெரிய ஓவன் வெளிநாட்டு வாடகை வீட்டில்தான் முதல் பழக்கம். அது சரியாக ஓடினால் எப்படி இருக்கும் என்றே தெரியாத நிலையில், கெட்டுப்போனதை எப்படிக் கண்டுபிடிப்பது? அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் திரையில் இருப்பது செல்சியஸா ஃபாரன்ஹீட்டா என்று பாருங்கள். சாதாரணமாகத் தோன்றும், ஆனால் 'சென்சார் கோளாறு' என்று வருகிற புகார்களில் சில இதோடே முடிந்துவிடும். செய்முறையில் 180 என்று போட்டிருப்பது செல்சியஸ். ஃபாரன்ஹீட் ஓவனில் 180 வைத்தால் உள்ளே வெறும் 82 டிகிரி செல்சியஸ்தான் இருக்கும், எதுவும் வேகாது. அங்கே 350 வைக்க வேண்டும், அது ஏறக்குறைய 177 செல்சியஸ். பல மாடல்களில் இதை மெனுவில் மாற்றிக்கொள்ளலாம். முன்பு குடியிருந்தவர் மாற்றி வைத்துவிட்டுப் போயிருக்கவும் கூடும். அப்புறம் விசிறி ஓடும் முறை. அதில் பொதுவாக 20 டிகிரி செல்சியஸ் குறைத்து வைக்க வேண்டும். குறைக்காமல் விட்டால் மேல்பக்கம் கருகும்.

அது சரியாக இருந்தால், ஓவனுக்குள் வைக்கும் தனி தெர்மாமீட்டர் ஒன்று வாங்குங்கள். விலை குறைவு, தொங்கவிட ஒரு கொக்கி இருக்கும். நடுத்தட்டில், நடு இடத்தில் தொங்கவிட்டு 180 செல்சியஸ் வையுங்கள். 'சூடாகிவிட்டது' என்று மணி அடித்ததும் பார்க்காதீர்கள். அந்த நேரத்தில் காற்று சூடாகியிருக்கும், சுவர்கள் சூடாகியிருக்காது. அரைமணி நேரம் விட்டு, கதவைத் திறக்காமல் கண்ணாடி வழியாக ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை பார்த்து, ஆறேழு முறை குறித்துக்கொள்ளுங்கள். ஓவன் ஒரே சூட்டில் நிற்காது. சூடாக்கும் கம்பி எரியும், அணையும், மறுபடி எரியும். 170க்கும் 190க்கும் இடையே ஊசலாடினால் அது நல்ல ஓவன். கூட்டி வகுத்து வரும் சராசரிதான் கணக்கு. சராசரி பத்துப் பதினைந்து டிகிரி தள்ளியிருந்தால் பல மாடல்களில் அமைப்புப் பகுதியிலேயே திருத்திக்கொள்ளலாம், அதற்குச் சென்சார் தேவையில்லை. முப்பது நாற்பது டிகிரி தள்ளியிருந்தாலோ, ஒருநாள் ஒரு மாதிரி மறுநாள் வேறு மாதிரி காட்டினாலோ, திரையில் பிழைக் குறியீடு வந்தாலோதான் சென்சார் பக்கம் போக வேண்டும். குறியீட்டின் அர்த்தம் மாடலுக்கு மாடல் மாறும். உங்கள் மாடல் எண்ணுக்குரிய கையேட்டில் மட்டும் பாருங்கள். அந்த எண் பெரும்பாலும் கதவைத் திறந்தால் சட்டத்தில் ஒட்டிய தகட்டிலோ கீழ் இழுப்பறைக்குப் பின்னாலோ இருக்கும்.

வாடகை வீடு என்றால் இங்கேயே நின்றுவிடுங்கள். குறித்து வைத்த அளவுகளையும் தெர்மாமீட்டர் படத்தையும் சேர்த்து வீட்டு உரிமையாளருக்கு எழுத்தில் அனுப்புங்கள். "ஓவன் சரியில்லை" என்று சொல்வதற்கும் "200 வைத்தால் அரைமணி கழித்து சராசரி 165தான் வருகிறது" என்று சொல்வதற்கும் கிடைக்கிற பதிலே வேறு. உங்களுடையது அல்லாத ஓவனைக் கழற்றி, பின்னால் ஏதாவது ஆனால் முன்பணத்தில் கை வைப்பார்கள். கேஸ் ஓவனாக இருந்தால், சொந்த வீடாகவே இருந்தாலும், உரிமம் பெற்றவரைத்தான் அழைக்க வேண்டும்.

சொந்த ஓவன், அல்லது உரிமையாளர் எழுத்தில் சம்மதித்திருக்கிறார் என்றால் மேலே படியுங்கள். வீட்டு மின்பெட்டியில் ஓவனுக்குரிய பிரேக்கரை அணைத்துவிட்டு, ஓவனை மறுபடி போட்டுப் பார்த்து, திரையும் விளக்கும் வரவில்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். ஓவன் முழுக்க ஆறியிருக்க வேண்டும்.

திரையும் பொத்தான்களும் உள்ள மின் ஓவன்களில், உள்ளே பின்சுவரின் மேல்மூலையில் பென்சில் கனத்துக்கு ஒரு உலோகக் குச்சி நீட்டிக்கொண்டிருக்கும். அதுதான் சென்சார். அது சுவரையோ தட்டையோ தொட்டுக்கொண்டிருக்கக் கூடாது. தொட்டால் காற்றின் சூட்டை விட்டுவிட்டு அதன் சூட்டைச் சொல்லும். குமிழைத் திருகிச் சூடு வைக்கும் பழைய வகை ஓவனில் இந்தக் குச்சி இருக்காது. திரவம் நிரம்பிய மெல்லிய உலோகக் குழல் இருக்கும், கீழே சொல்லும் மல்டிமீட்டர் (மின்தடையை அளக்கும் கருவி) சோதனை அதற்குப் பொருந்தாது. அந்தக் குழல் கிளிப்பிலிருந்து நழுவித் தொங்குகிறதா என்று மட்டும் பாருங்கள்.

குச்சிக்குள் இருப்பது பெரும்பாலும் பிளாட்டினம் மின்தடை. சூடு ஏற ஏற அதன் மின்தடையும் ஏறும். பிடி1000 என்னும் வகை 0 டிகிரியில் 1,000 ஓம், 20 டிகிரியில் சுமார் 1,078, 200 டிகிரியில் சுமார் 1,759 ஓம். டிகிரிக்கு நாலு ஓம் என்று தோராயமாக வைத்துக்கொள்ளலாம். பிடி500 வகையில் இதெல்லாம் சரிபாதி. சில ஓவன்களில் சூடு ஏறினால் தடை குறையும் வகையும் உண்டு, அதனால் கையேட்டைப் பார்க்காமல் எண்ணை வைத்துத் தீர்ப்புச் சொல்லிவிடக் கூடாது.

இரண்டு திருகைக் கழற்றி மெதுவாக இழுத்தால் வயரும் கனெக்டரும் வெளியே வரும். வந்ததுமே வயரை ஒரு துணிக் கிளிப்பால் பிடித்து வையுங்கள். கை நழுவினால் அது சுவருக்குப் பின்னால் போய்விடும், அப்புறம் ஓவனையே வெளியே இழுக்க வேண்டியிருக்கும். கனெக்டரைப் பிரித்து, மல்டிமீட்டரை 2,000 ஓம் அளவில் வைத்து, சென்சாரின் இரண்டு முனைகளிலும் தொடுங்கள். எண் வராமல் திறந்த சுற்று என்று காட்டினால் உள்ளே கம்பி அறுந்திருக்கிறது. பூஜ்யத்துக்குப் பக்கத்தில் காட்டினால் ஷார்ட். அறை வெப்பத்துக்குரிய எண் வந்தால் குச்சியின் நுனியை உள்ளங்கையில் இறுக்கிப் பிடியுங்கள். 1,080, 1,090, 1,110 என்று எண் நிதானமாக ஏறும், விட்டால் இறங்கும். குதித்துக் குதித்து மாறினால் சென்சார் போகிற நிலையில் இருக்கிறது. கடைசியாக ஒரு முனையிலும் குச்சியின் உலோக உறையிலும் தொட்டுப் பாருங்கள். அங்கே எதுவுமே காட்டக் கூடாது.

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். 200 வைத்தால் 165தான். பார்க்க வந்தவர் கதவைத் திறந்து மூடிவிட்டு, கட்டுப்பாட்டுப் பலகையையே மாற்ற வேண்டும் என்றார். அதற்கு ஆகும் செலவு மனத்தை உறுத்தியது. உரிமையாளரிடம் எழுதி வாங்கிக்கொண்டு நானே அளந்தேன். அறை அன்று 22 டிகிரி, சென்சாரில் 1,086 ஓம், அது சரியான அளவு. பலகை முனையிலிருந்து, வயரையும் சேர்த்து அளந்தால் 1,220. நடுவில் எங்கோ 134 ஓம் கூடுகிறது. அதாவது உண்மையைவிட 35 டிகிரி அதிகச் சூடு இருப்பதாகப் பலகைக்குத் தகவல் போகிறது, அதை நம்பி அது கம்பியை அணைக்கிறது. கனெக்டரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் ஒரு பின் மட்டும் பழுப்பேறி, சுற்றியிருந்த பிளாஸ்டிக் சுருங்கியிருந்தது. பலகையும் நன்றாக இருந்தது, சென்சாரும் நன்றாக இருந்தது. சூடு தாங்கும் பீங்கான் இணைப்பு போட்டதோடு சரியாகிவிட்டது. இந்த இடத்தில் சாதாரண இன்சுலேஷன் டேப் சுற்றாதீர்கள், உருகிவிடும்.

அதனால்தான் சென்சாரில் ஒரு முறை, பலகை முனையில் ஒரு முறை என்று இரண்டு இடத்திலும் அளக்கச் சொல்கிறேன். சென்சாரில் தப்பு என்றால் மாடல் எண்ணைக் கொடுத்து அதே வகையை வாங்குங்கள். பிடி1000 இருந்த இடத்தில் பிடி500 பொருத்தினால் கணக்கு முழுவதும் தப்பிவிடும். இரண்டு இடத்திலும் எண் சரியாக இருந்து கோளாறு மட்டும் தொடர்ந்தால் சந்தேகம் சூடாக்கும் கம்பி, கதவு ரப்பர், பலகை என்று நகரும், அதற்கு ஆளைக் கூப்பிடுங்கள்.

அணைத்த பிறகும் ஓவன் சூடாகிக்கொண்டே போனால் எதையும் அளந்துகொண்டிருக்க வேண்டாம். கம்பிக்கு மின்சாரத்தைப் போட்டு அணைக்கும் ரிலே என்னும் சுவிட்ச், பலகையில் ஒட்டிக்கொண்டிருக்கலாம். கதவைத் திறக்காமல் உடனே பிரேக்கரை இறக்கிவிட்டு, சரிசெய்யும்வரை போடாதீர்கள்.

சென்சார் மாற்றியவர்கள், முன்பு அமைப்பில் கூட்டியோ குறைத்தோ வைத்த டிகிரியைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்துவிட்டு, அதே தெர்மாமீட்டரை அதே நடுத்தட்டில் தொங்கவிட்டு இன்னொரு தடவை அரைமணி நேரம் பாருங்கள். வந்த எண்களையும் ஓவன் மாடலையும் இங்கே எழுதினால், சேர்ந்து பார்ப்போம்.